வேலிப் பொட்டால் போன புத்தகங்கள்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. கொரோனாத் தொற்றால் பின்னேரம் 6 மணியிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்திருந்தார்கள். பருத்தித்துறைச் சந்தையில் சனம் மாவுக்கும் பருப்புக்கும் முண்டியடித்தது. நான் மண்ணெண்ணெய், தீப்பெட்டி, உப்பு, சவர்க்காரம் என்று வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் வாழ்ந்தவனுடைய கை முதலில் இவற்றைத்தான் தேடும். விறாந்தைக் கதிரையில் இருந்த அம்மா பையை எட்டிப் பார்த்தார்.

"புத்தகம் மாத்தேல்லையே?"

"நூலகம் பூட்டியாச்சம்மா. எப்ப திறப்பினமெண்டு தெரியாது."

"அப்ப இந்த ரெண்டையும் திருப்பிப் படிக்க வேண்டியதுதான்."

கொஞ்ச நேரம் கழித்து, ஊரடங்கு எத்தனை நாளைக்கு என்று கேட்டார். தெரியாது, வெளியே போக முடியாமல் எல்லோருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும் என்றேன்.

"நான் எப்பயடா தம்பி வெளியில போனனான்?"

குறை சொல்லும் குரலில் அவர் அதைக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார். அப்போது அவருக்கு 85 வயது. என் பன்னிரண்டாவது வயதிலிருந்து அவருக்குப் புத்தகம் சுமந்து வருகிறேன். அந்தப் புத்தகங்கள் இருந்த கட்டடத்துக்குள் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை என்பது அந்தப் பின்னேரம்தான் எனக்கு உறைத்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் குறிச்சி வாசிகசாலை ஒரு மண்டபமும் ஒரு விறாந்தையும்தான். நடுவில் நீள மேசை, இரண்டு பக்கமும் வாங்குகள், மூலையில் கண்ணாடி போட்ட ஒரு அலுமாரி. ஈழநாடு யாழ்ப்பாணத்தில் அச்சாகி விடியவே வந்துவிடும். வீரகேசரியும் தினகரனும் கொழும்பிலிருந்து தபால் ரயிலில் யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி எங்களிடம் வரும்போது வெயில் ஏறியிருக்கும். வந்ததும் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துவிடுவார்கள். முன்பக்கம் ஒருவரிடம், விளையாட்டு இன்னொருவரிடம், மரண அறிவித்தல் வயதானவர்களிடம். வாங்குகளில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அது ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பொம்பிளைகள் வரக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவுமில்லை. எழுதி ஒட்டத் தேவையிருக்கவில்லை.

அலுமாரித் திறப்பு செயலாளரிடம் இருக்கும். சனிக்கிழமை பின்னேரம் திறப்பார். அப்பாவின் பெயரில் இரண்டு புத்தகம் எடுக்கலாம். அம்மா பழைய சேலையில் தைத்துத் தந்த சீலைப் பையைச் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு போவேன். "போன முறை தந்த மாதிரி அழுகிற கதை வேண்டாமெண்டு சொல்லு" என்று அம்மா சொல்லிவிடுவார். நான் அதை அப்படியே செயலாளரிடம் ஒப்புவிப்பேன். அவர் சிரித்துக்கொண்டு வேறொன்று எடுத்துத் தருவார். என் அம்மாவின் ரசனை என்னவென்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. இருவரும் நேரில் இரண்டு சொல் பேசியிருப்பார்களோ தெரியாது.

அந்த நாட்களில்தான் இந்திய வார, மாத இதழ்களின் வரவை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. அதற்கு முன்னர் வந்த கல்கி, குமுதம் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்துக் கட்டி வைத்திருந்த வீடுகள் பணக்கார வீடுகளாக மதிக்கப்பட்டன. புதிய தொடர்கதை வராத அந்த இடைவெளியில் வீரகேசரி பிரசுரங்கள் வரத் தொடங்கின. எங்கள் கடலையும் எங்கள் வெயிலையும் எங்கள் பேச்சையும் வைத்து எழுதிய நாவல்கள். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இல் வந்தது. பையில் அது வந்த சனிக்கிழமை அம்மா அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்க, சோறு அடிப்பிடித்தது.

அம்மா வாசித்து முடித்த புத்தகம் நேரே வாசிகசாலைக்குத் திரும்பாது. எங்கள் வளவுக்கும் மாமி வீட்டு வளவுக்கும் இடையில் கிடுகு வேலி. அதில் ஆள் குனிந்து போகுமளவுக்கு ஒரு பொட்டு. யாழ்ப்பாணத்து வேலிகளைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். எல்லைச் சண்டை, வழக்கு, ஒரு முழம் நிலத்துக்குப் பத்து வருடம் கோடேறியது. பொட்டைப் பற்றிச் சொன்னவர்கள் குறைவு. நெருப்புத் தணல், கறிவேப்பிலை, இரவல் சீனி, பிள்ளைத்தாச்சிக்குக் கறி எல்லாம் அதனூடாகத்தான் போய் வந்தன. புத்தகமும் போனது. எங்கள் வீட்டிலிருந்து மாமிக்கு, மாமியிடமிருந்து அடுத்த பொட்டால் ஆசிரியை அக்காவுக்கு, அங்கிருந்து ஒழுங்கையைக் கடந்து இன்னும் இரண்டு வீட்டுக்கு. அப்பாவின் பெயரில் பதிந்த ஒரு புத்தகத்தை ஐந்து பெண்கள் வாசித்தார்கள். வாசிகசாலைப் பதிவேட்டில் அந்த ஐவரில் ஒருவர் பெயரும் இல்லை.

வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகப் பின்னேரங்களில் மாமி வீட்டுக் கொட்டிலில் கிடுகு பின்னும்போது அம்மா சத்தமாக வாசிப்பார். கோவிலில் புராணப் படிப்பு நடப்பதைப் போலத்தான். அங்கே ஒருவர் செய்யுளை வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்லுவார். இங்கே அம்மா வாசிக்க, ஆசிரியை அக்கா பயன் சொல்லுவார். நாவலுக்கு என்ன பயன் என்று நினைக்கலாம். கதாநாயகியைக் கட்டாமல் விட்டுப் போனவன் செய்தது சரியா என்று ஒரு மணித்தியாலம் நடக்கும் வாதம் இருக்கிறதே, அதுதான். வாசிகசாலை விறாந்தையிலும் இதே வழக்கம் இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆசிரியத் தலையங்கத்தை வாசித்துப் பயன் சொல்லுவார். வரவுசெலவுத் திட்டம் என்றால் என்ன, பெறுமதியிறக்கம் என்றால் என்ன என்று கடற்றொழிலாளி ஒருவர் கேட்பார். அவருக்கு மீன் விலையை வைத்து விளங்கப்படுத்துவார். வளர்ந்தவர்களுக்கான நிகழ்ச்சி என்று இன்று நூலக அறிவியல் நூல்கள் சொல்வதை அந்த மனிதர் பெயர் வைக்காமல் நடத்திக்கொண்டிருந்தார்.

அது எல்லோருக்கும் திறந்திருந்த பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்துக் குறிச்சிச் சனம் எங்கள் வாங்கில் வந்து இருந்ததை நான் கண்டதில்லை. தங்களுக்கென்று ஒரு வாசிகசாலையை அவர்களே கட்டிக்கொண்டார்கள். அது சாதியால் வந்த பிரிவு. சிறு பிள்ளையாக இருந்தபோது அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு மறைப்பதற்கு நியாயம் எதுவுமில்லை. ஒரே ஊரில் ஒரே பேப்பரை இரண்டு இடத்தில் இருந்து வாசித்தோம்.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்கு நான் முதலில் போனது 750 பஸ்ஸில், சின்னையாவுடன். அவர் பட்டினத்தில் வேலை செய்தார், அங்கே அங்கத்தவர். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறிய நூலகம் 1959இல் அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு வந்த கதையைச் சின்னையா வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தியாவின் நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்ன நூலகம் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. அவருடைய பெயரில் இரவல் எடுத்த ஒரு புத்தகம் 1981 மே மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா பாதி வாசித்திருந்தார். மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள். அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. செய்தி வந்த அன்று அம்மா அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றி, காணி உறுதி வைத்த பெட்டிக்குள் வைத்தார். மீதிப் பாதியை வாசிக்கவில்லை.

1984இல் எங்கள் ஊர் ஹாட்லிக் கல்லூரி நூலகமும் எரிந்தது. 1987 மே 26 வடமராட்சித் தாக்குதல் தொடங்கியபோது கூப்பன், உறுதி, நகை வைத்த பையில் அந்தப் புத்தகத்தையும் போட்டுக்கொண்டுதான் அம்மா கோவிலுக்கு ஓடினார். திரும்பி வந்தோம், புத்தகமும் திரும்பி வந்தது. தொண்ணூறுகளில் ஒரு மாரியில் பெட்டிக்குள் கறையான் ஏறியது. உறுதியின் ஒரு ஓரமும் புத்தகம் முழுவதும் போய்விட்டன.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் போனது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. பற்றரி கொண்டுவரத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டு எரித்த சிறு விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பேப்பர் கிடைத்த தாளில், குறைந்த பக்கங்களில் வந்தது. அந்த நாட்களில் வாசிகசாலை பூட்டவில்லை. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் போகும். பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். சுற்றுகிறவன் களைத்தால் குரல் இழுபட்டு அடங்கும். அடுத்தவன் ஓடிப்போய் பிடிப்பான். செய்தி முடிந்ததும் பயன் சொல்ல ஆள் இருந்தது. குண்டு எங்கே விழுந்தது, எது உண்மை, எது பொய் என்று பிரித்துப் பார்க்க ஊருக்குப் பொதுவாக ஒரு விறாந்தை இருந்தது. நான் சுற்றியிருக்கிறேன். கேட்டுவந்து இரவில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா பொட்டால் மாமியிடம் சொல்லியிருக்கிறார்.

முப்பது வருடம் கழித்து, 2020 ஊரடங்கில் மின்சாரம் இருந்தது. தொலைபேசி இருந்தது. நூலகங்களில் நூல்கள் பத்திரமாக இருந்தன. எவரும் அவற்றுக்குத் தீ வைக்க வரவில்லை. ஆனால் ஆபத்துக் கூடிய மாவட்டங்கள் என்று அறிவித்த ஆறில் யாழ்ப்பாணமும் ஒன்று. நூலகங்களைப் பூட்டியது நோயைத் தடுக்க. அதில் நூலகர் எவரையும் குறை சொல்ல எனக்கு இல்லை. என் மனம் போனது வேறு பக்கம். ஒவ்வொரு நாளும் காலை வந்து பேப்பர் மேசையில் இருந்துவிட்டுப் போன வயதான மனிதர்கள் எங்கே போவார்கள்? அவர்களுள் பலர் தனியே இருப்பவர்கள். பிள்ளைகள் கனடாவில், லண்டனில், சுவிஸில். அந்த மேசையில்தான் அவர்கள் ஒரு நாளில் நாலு பேரோடு கதைத்தார்கள்.

வேலிப் பொட்டும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் இப்போது எல்லாம் மதில். வெளிநாட்டுக் காசு வந்தபோது முதலில் எழும்பியவை அவைதான். ஆள் உயரத்துக்கு மேல், சில மதில்களில் உச்சியில் போத்தல் ஓடும் பதித்திருக்கிறது. எங்கள் மதிலையும் என் அக்கா அனுப்பிய காசில் நானே நின்று கட்டுவித்தேன். மாமி இன்னும் அடுத்த வளவில்தான் இருந்தார். அந்த ஊரடங்கில் முப்பது அடி தூரத்தில் இருந்த இரண்டு கிழவிகளும் தொலைபேசியில் கதைத்தார்கள். அம்மாவிடம் இருந்த இரண்டு புத்தகங்களை மாமிக்குக் கொடுக்க நான் கதிரை வைத்து ஏறி மதிலுக்கு மேலால் நீட்டினேன். மாமி வீட்டில் வேலைக்கு நிற்கும் பிள்ளை துணியால் பிடித்து வாங்கியது. ஒரு பொட்டு விட்டுக் கட்டியிருக்கலாம் என்று அன்றைக்கு மிகவும் வருந்தினேன்.

அக்கா ஸ்காபரோவிலிருந்து ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுப்பார். ரொறன்ரோ நூலகங்களும் மார்ச்சில் மூடப்பட்டன. மூடிய கிளைகள் சிலவற்றை உணவு வங்கிகளாக்கி, நூலகப் பணியாளர்களே சாமான் பொதி கட்டினார்கள். ஜூனில், கேட்ட புத்தகத்தை வாசலில் வைத்துத் தரத் தொடங்கினார்கள். அங்கும் அமெரிக்காவிலும் சில நூலகங்கள், வயதான அங்கத்தவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து, எப்படி இருக்கிறீர்கள், மருந்து இருக்கிறதா, என்ன வாசிக்க ஆசை என்று கேட்டன. திரும்பி வந்த புத்தகங்களைச் சில நாள் தனியே வைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார்கள்.

"வாசல்ல போய்ப் பேரைச் சொன்னா பையில போட்டுத் தருகினம் அம்மா" என்றார் அக்கா.

"இவன் எனக்குச் செய்யிறதுதானே" என்றார் அம்மா.

அவர் சொன்னது சரி. வெளியே வர முடியாதவருக்குப் பையில் புத்தகம் போவது எங்களுக்குப் புதிதல்ல. அந்தப் பையைச் சுமந்த பெடியன்கள் இப்போது ஊரில் இல்லை என்பதுதான் புதிது.

எங்கள் வீட்டில் அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்பியது நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம். 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் என்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கியது; எரிந்தும் கறையான் தின்றும் போனவற்றின் மிச்சத்தைத் தேடித் தேடிப் படமெடுத்து, இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் பழைய மல்லிகை இதழ்களைத் திறந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும் என்பதால் அவரால் தானே வாசிக்க முடியவில்லை. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கி, கையில் சுமந்து தெருத் தெருவாக விற்ற இதழ் அது. 2021 ஜனவரியில் அவர் காலமான செய்தியை நான் அம்மாவுக்கு வாசித்தது அதே சின்னத் திரையில்தான்.

ஆனால் என்னிடம் அந்தத் தொலைபேசி இருந்தது. டேற்றா போடக் காசிருந்தது. வாசிக்க நானும் இருந்தேன். மாமியிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. மாமியைப் போன்ற வீடுகள் பருத்தித்துறையில் எத்தனை! இரவுகளில் சூம் கூட்டங்கள் நடந்தன. லண்டனிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் பேசினார்கள், நல்ல பேச்சுகள். முன்பு இப்படி ஒரு பேச்சைக் கேட்க யாழ்ப்பாணம் போய்க் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே கேட்டேன். வாசிகசாலை வாங்கில் என் பக்கத்தில் இருந்து வந்தவர்களில் ஒருவரையும் அந்தச் சதுரங்களுக்குள் காணவில்லை.

பயன் சொல்ல ஆளில்லாமல் போனதன் விலையையும் பார்த்தோம். வட்ஸ்அப்பில் கஷாயமும் ஆவியும் வதந்தியும் நிறைந்து வழிந்தன. 2020 டிசம்பரில் கேகாலைப் பக்கம் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கில் சனம் நெருக்கியடித்து நின்றது, கொள்ளை நோய்க்கு நடுவில். சுகாதார அமைச்சரே அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று. எங்கள் ஒழுங்கையிலும் அந்தப் பாணி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்கள். கேட்டவர்கள் படித்தவர்கள். பருத்தித்துறையில் நெடுங்காலம் வைத்தியம் பார்த்த எம். கே. முருகானந்தன், சாதாரண சனத்துக்கு விளங்கும் தமிழில் நலவியல் நூல்கள் எழுதியவர். அப்படிப்பட்ட நூல்கள் பூட்டிய அலுமாரிகளுக்குள் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து, இரண்டு பக்கத்தைத் தொலைபேசியில் வாசித்துப் பயன் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும்.

ஒக்ரோபர் இலங்கையில் தேசிய வாசிப்பு மாதம். 2020 ஒக்ரோபர் முதல் கிழமையிலேயே மினுவாங்கொடைக் கொத்தணியோடு இரண்டாவது அலை வந்தது. 2021இல் ஓகஸ்டில் மறுபடி பூட்டி, ஒக்ரோபர் முதலாம் திகதிதான் திறந்தார்கள். வாசிப்பு மாதம் என்றாலே எங்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகளின் கட்டுரைப் போட்டியும் பரிசளிப்பும்தான். பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் எழுபது வயதுக்காரருக்கு, வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கு, கடலுக்குப் போய்வந்து பகலில் படுப்பவருக்கு நூலகம் என்ன வைத்திருக்கிறது? கொள்ளை நோய்க்கு முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் மெலிந்துதான் இருந்தது.

அம்மா 2022இல் காலமானார், முதுமையால். கடைசி வரை சனிக்கிழமை வந்தால் பையைப் பார்ப்பார்.

இப்போது நூலகங்களும் சனசமூக நிலையங்களும் திறந்துதான் இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன்: வெளியே வர முடியாதவர்களின் பெயர்களைத் தனியாக ஒரு கொப்பியில் எழுதுங்கள். தொலைபேசி இலக்கத்தையும், அவர் எழுத்துப் பெரிய புத்தகம் வேண்டுமா, வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பிறகு அவர் பெயரிலேயே, மகன் பெயரிலோ கணவன் பெயரிலோ அல்லாமல், ஒரு அங்கத்துவ அட்டை கொடுங்கள். அடுத்த நோயோ வெள்ளமோ வரும்போது அந்தக் கொப்பி உங்கள் கையில் ஏற்கனவே இருக்கும்.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. சைக்கிள் இன்னும் ஓடுவேன். தும்பளை வீதியிலிருந்து தெருமூடி மடம் வரையுள்ள வீடுகளைச் சனிக்கிழமைகளில் நான் எடுத்துக்கொள்கிறேன். புற்றளைக்கும் வியாபாரிமூலைக்கும் முனைப் பக்கத்துக்கும் ஆட்கள் வேண்டும். ஒரு சீலைப் பையும் கிழமையில் இரண்டு மணித்தியாலமும் உள்ளவர்கள் வாருங்கள்.